ஆராய்ச்சி மணியும் முறிவறிக்கையும்

மனுநீதிச் சோழன் கதையை வகுப்பில் நடத்தும்போது மாணவர்களின் கவனம் முழுவதும் தேர்க்காலில் தன் மகனைக் கிடத்திய அரசன்மீதே செல்கிறது. அது இயல்புதான். சேக்கிழாரும் அதை அப்படித்தான் பாடியிருக்கிறார். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்னால் நடந்த ஒன்றை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அரண்மனை வாயிலில் ஒரு மணி கட்டப்பட்டிருந்தது. கன்றை இழந்த பசு தன் கொம்பினால் அதை அசைத்தது. பசுவுக்கு மொழி கிடையாது. மனு எழுதித்தர ஆள் கிடையாது. உள்ளே விடலாமா என்று அமைச்சர்கள் கூடி ஆலோசிக்கவும் இல்லை. மணி அதன் கொம்புக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. அந்த உயரத்தை யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்து வாயில் வேறு வகையானது. கண்ணகி வாயிற்காவலனிடம் பேச வேண்டியிருக்கிறது. அவன் உள்ளே சென்று அரசனிடம் அவள் வந்திருப்பதைச் சொல்கிறான். அரசன் அழைத்துவரச் சொன்ன பிறகே அவள் அவைக்குள் நுழைகிறாள். வழக்குரை காதையின் பெருமையைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன. அங்கே உண்மை வென்றது. அரசன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிர் நீத்தான். எனினும் கோவலன் அதற்கு முன்பே வெட்டுண்டுவிட்டான் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொழிலாளர் நீதிமன்றங்களைப் பற்றி எழுத வந்த இடத்தில் இலக்கியம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நீதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தீர்ப்பைப் பற்றியே பேசிப் பழகியிருக்கிறோம். எந்த நீதிபதி என்ன சொன்னார், எவ்வளவு துணிச்சலாகச் சொன்னார் என்பதே நமக்குச் செய்தி. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு நூற்பாலைத் தொழிலாளிக்கு அதற்கு முந்தைய கேள்விகள் சில இருக்கின்றன. மணி எங்கே தொங்குகிறது? என் கைக்கு எட்டுமா? அடித்தால் எத்தனை ஆண்டு கழித்து யார் வருவார்? அதுவரை வீட்டில் அடுப்பு எரியுமா? தொழிலாளர் நீதிமன்றங்கள் நீதியை விரிவாக்க வேண்டுமானால் முதலில் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இவை பெரும்பாலும் நடைமுறை விதிகளைப் பற்றிய கேள்விகள். அதனாலேயே இவை பேசப்படாமல் போகின்றன.

*

கொஞ்சம் வரலாறு. 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றார்கள். 1920ஆம் ஆண்டு பின்னி ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தபோது, நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒன்றுசேர்ப்பதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் குற்றம் என்ற வகையில் வாதம் அமைந்தது. தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளிக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஏற்பட்ட தொடக்ககால அறிமுகங்களில் ஒன்று இப்படித்தான் நிகழ்ந்தது. இந்த வழக்கு எழுப்பிய கலக்கத்தின் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

விடுதலை பெற்ற ஆண்டிலேயே தொழில் தகராறுகள் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர் நீதிமன்றம் என்ற அமைப்பு அதில் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையியல் நீதிமன்றத்தைப் போலன்றி, நீக்கப்பட்டவரை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லும் அதிகாரம் இந்த மன்றத்துக்கு இருந்தது. 1971இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்றது. நிர்வாகம் நடத்திய உள்விசாரணையில் சொல்லப்பட்ட சாட்சியங்களை நீதிமன்றம் தானே எடைபோட்டுப் பார்க்கலாம். தண்டனை குற்றத்தின் அளவை மீறியிருந்தால் அதைக் குறைக்கலாம். ஒரு நாள் தாமதமாக வந்தவரை வீட்டுக்கு அனுப்பிய முதலாளியிடம் ‘இது அதிகம்’ என்று சொல்லும் அதிகாரம் இது.

இவ்வளவு அதிகாரம் கொண்ட மன்றத்தின் வாயிலில் ஒரு காவலன் நின்றான். சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒரு தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அரசே முடிவு செய்யும். தொழிலாளி நேராகப் போக முடியாது. அவர் தனியாளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தொழில் தகராறு என்றால் கூட்டான தகராறு என்றே கொள்ளப்பட்டதால், சங்கமோ சக தொழிலாளர்களோ ஆதரிக்காத தனிமனிதரின் பணிநீக்கம் தகராறாகவே கருதப்படவில்லை. 1965இல் 2-ஏ பிரிவு வந்த பிறகுதான் தனி ஒருவரின் பணிநீக்கமும் தொழில் தகராறு ஆயிற்று. அப்போதும் அரசின் ஆணை தேவைப்பட்டது. கோப்பு கோட்டைக்குப் போகும். அங்கே சில சமயம் ‘இதில் முகாந்திரம் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். வழக்கின் தகுதியைத் தீர்மானிப்பது அரசின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு டெல்கோ ஓட்டுநர்கள் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. அதாவது வாயிற்காவலனே தீர்ப்பும் எழுதிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. 1988ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டத்தின் வழியாக 2-ஏ பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் சமரச அலுவலரிடம் செல்ல வேண்டும். அங்கே சமரசம் ஏற்படவில்லையென்றால், அவர் தானே தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அரசின் ஆணை வேண்டாம். சமரசம் முறிந்தது என்று அலுவலர் தரும் அறிக்கை போதும். இந்த ‘முறிவறிக்கை’ என்ற சொல் தமிழ் அகராதிகளில் இடம்பெற்றிருக்கிறதோ இல்லையோ, கோவை, சேலம், மதுரைத் தொழிற்சங்க அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் சொல். தோல்வியைப் பதிவுசெய்யும் ஒரு காகிதம் கதவைத் திறக்கும் சாவியாக மாறியது. ஆந்திரமும் கர்நாடகமும் ஏறத்தாழ அதே காலத்தில் இதையொத்த திருத்தங்களைச் செய்தன. நாடாளுமன்றம் 2010ஆம் ஆண்டுதான் நாடு முழுமைக்கும் இதைக் கொண்டுவந்தது. சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழிந்தால் போதும் என்று சொன்னது. தமிழ்நாட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே 22 ஆண்டுகள்.

1988ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. அதைக் கொண்டாடும் விழா எதுவும் இல்லை. ஆனால் மணியை இரண்டடி கீழே இறக்கிக் கட்டியது அந்தச் சிறு உட்பிரிவே.

*

சட்டத்தில் கதவு திறந்துவிட்டது என்பதால் தொழிலாளி உள்ளே வந்துவிட்டார் என்று பொருள் அல்ல. மூன்று தடைகள் மிச்சம் இருக்கின்றன: மொழி, தொலைவு, பசி.

மொழியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் குடியிருந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் ஒரு துணிப்பையில் காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ‘சார், நீங்க காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க’ என்றார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கு அவர் தந்ததாக ஒரு பதில், பிறகு பணிநீக்க ஆணை. பதிலின் கீழே அவருடைய கையெழுத்துத் தமிழில் இருந்தது. அனுமதியின்றிப் பத்து நாள் வராமல் இருந்ததை ஒப்புக்கொள்வதாகவும் அதற்கு வருந்துவதாகவும் அந்தப் பதில் சொன்னது. நான் படித்துக் காட்டியதும், ‘நான் லீவு சொல்லிட்டுத்தானே சார் போனேன்? ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, இதுல போட்டா மறுபடி சேத்துக்குவாங்கன்னாங்க’ என்றார். தமிழில் கையெழுத்திட்டவரிடம் ஆங்கிலத்தில் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். தன் குற்ற ஒப்புதலுக்கு உரை கேட்டு அவர் ஒரு தமிழ் ஆசிரியரிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது.

மேலே சொன்ன 11-ஏ பிரிவு இப்படிப்பட்ட காகிதங்களைத் தோண்டிப் பார்ப்பதற்காகவே இருந்தது. நீதிமன்றம் அந்த ஒப்புதலை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதற்கு அவர் நீதிமன்றம்வரை போக வேண்டும். ‘கோர்ட்டுக்குப் போனா எத்தன நாள் சார் ஆகும்?’ என்று மட்டும் கேட்டார். ஆண்டுக் கணக்கில் ஆகலாம் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். நிர்வாகம் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு, வேறோர் ஊரில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார்.

1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தில் ஓர் அழகான விதி இருந்தது. தொழிற்சாலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது அந்த விதி. வாயிலில் ஒட்டும் விதிமுறைக்கு இருந்த அக்கறை, தொழிலாளியின் வாழ்வையே முடிக்கும் குறிப்பாணைக்கும் வாக்குமூலத்துக்கும் இருக்க வேண்டாமா? தொழிலாளி அறியாத மொழியில் எழுதி வாங்கப்பட்ட ஒப்புதல் செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றங்கள் ஒரு பொது நெறியாகவே கொள்ளலாம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தரும் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் 1976லேயே வந்தது. மனுவும் எதிர்வாதமும் தீர்ப்பும் தமிழில் இருந்தால், வழக்கு தன்னுடையது என்று தொழிலாளி உணர்வார்.

இங்கே தமிழ் ஆசிரியனாகிய நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று திருப்பூரிலும் கோவையிலும் திருப்பெரும்புதூரிலும் வேலை செய்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஒடியா பேசும் தொழிலாளிக்கு நம் தமிழ், அந்த ஆலைத் தொழிலாளிக்கு ஆங்கிலம் இருந்ததைப் போல இருக்கும். நமக்கு நாம் கேட்கும் உரிமையை அவருக்கு மறுப்பது முறையாகாது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத தொழிலாளர் நீதிமன்றம் அவரைப் பொறுத்தவரை பூட்டிய நீதிமன்றம்தான்.

அடுத்தது தொலைவு. சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி, திருநெல்வேலி, வேலூர், கடலூர் என நகரங்களில் தொழிலாளர் நீதிமன்றங்கள் அமைந்தன. 38 மாவட்டங்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்று என்ற நிலை வரவில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் கோவைக்கு வர வேண்டுமென்றால் ஆழியாறுவரை 40 கொண்டையூசி வளைவுகளில் இறங்க வேண்டும். பிறகு பொள்ளாச்சியைத் தாண்டி வர வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் போகும். நீதிமன்றத்தில் அன்று வாய்தா மட்டும் கிடைக்கும். ஆறு வாய்தாவுக்குப் பிறகு அவர் வராமல் போனால் ‘மனுதாரர் ஆஜராகவில்லை’ என்று வழக்கு தள்ளுபடி ஆகும். அவர் ஏன் வரவில்லை என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

மூன்றாவது தடை பசி. இதில் நம் சட்டத்தின் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டத்தின்படி, பணியிடை நீக்கம் செய்யப்பட்டவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளமும், அடுத்த 90 நாள் முக்கால் பங்கும், அதற்குப் பின் முழுச் சம்பளமும் தர வேண்டும். விசாரணை முடியும்வரை ஒருவன் பட்டினி கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. வழக்கில் தொழிலாளி வென்று, முதலாளி உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போனால், அந்தக் காலத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தர வேண்டும் என்று தொழில் தகராறுகள் சட்டத்தின் 17-பி பிரிவு 1984 முதல் சொல்லிவந்தது. புதிய சட்டமும் இதைப்போன்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, பணியிடை நீக்கத்தின்போது சோறு உண்டு. மேல்முறையீட்டின்போது சோறு உண்டு. இரண்டுக்கும் நடுவில், பணிநீக்க ஆணைக்கும் முதல் தீர்ப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எதுவும் இல்லை. மிக நீண்டதும் மிகக் கொடியதுமான காலம் அதுவே. நிர்வாகத்தின் வழக்கறிஞருக்கு இது நன்றாகத் தெரியும். வாதத்தில் வெல்ல முடியாத வழக்கைக் காலத்தால் வெல்லலாம்.

பின்சம்பளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் தெளிவாகவே பேசியிருக்கிறது. தவறாக நீக்கப்பட்டவரை மீண்டும் வேலையில் அமர்த்தும்போது பின்சம்பளத்தோடு அமர்த்துவதே இயல்பான விதி என்றும், வழக்கு இழுத்தடிக்கப்பட்டதன் சுமையை ஊழியர்மேல் ஏற்றக் கூடாது என்றும் அது கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் பத்தாண்டுக்குப் பின் வரும் பின்சம்பளத்தால், பத்தாண்டுக்கு முன் கட்ட முடியாமல் போன பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முடியாது. அந்தப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து மெல்ல மறைவதை எங்களைப் போன்றவர்கள் வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*

சிறு தடை எவ்வளவு பெரிய கதவை மூடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே வேலை தொடர்பான வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் உண்டு. நெடுங்காலம் அவற்றில் வழக்குத் தொடுக்கக் கட்டணம் கிடையாது. 2013 ஜூலையில் அரசு கட்டணம் விதித்தது. முறையற்ற பணிநீக்கம் போன்ற வழக்கை இறுதி விசாரணைவரை கொண்டுசெல்ல 1,200 பவுன் கட்ட வேண்டும். சட்டத்தில் தொழிலாளரின் உரிமை ஒன்றுகூடக் குறைக்கப்படவில்லை. கட்டணம் மட்டுமே சேர்ந்தது. வழக்குகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. யூனிசன் என்ற தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. 2017 ஜூலை 26 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண ஆணை சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் நீதிபதி ரீட் முன்வைத்த சிந்தனை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நீதிமன்றம் என்பது வழக்காடுபவருக்கு மட்டும் பயன்தரும் சேவை என்று அரசு கருதியது. எனவே பயன்படுத்துபவர் பணம் கட்டட்டும் என்றது. நீதிபதி அதை மறுத்தார். வழக்காடத் தேவையே இல்லாதவர்களின் அன்றாட வாழ்வும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போக முடியும் என்ற உறுதியின்மேல்தான் நிற்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதை நம் ஊர் நிலைமையில் வைத்துப் பாருங்கள். ஆலையில் ஒரு தொழிலாளி முறிவறிக்கை வாங்கி வழக்குப் போட்டு வென்றுவிட்டார் என்றால், அடுத்த முறை ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கப் போகும் மேலாளரின் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தால் காப்பாற்றப்படுபவர் நீதிமன்றத்தின் படியைக்கூட மிதித்திருக்க மாட்டார். தொழிலாளர் நீதிமன்றத்தின் பயனை அதன் தீர்ப்புகளை எண்ணி மட்டும் அளக்க முடியாது.

மணியைத் தாழ்வாகக் கட்டிய நாடும் உண்டு. பிரேசிலில் 1941 மே 1 அன்று தொழிலாளர் நீதிமன்றங்கள் தொடங்கப்பட்டன. அங்கே தொழிலாளி வழக்கறிஞர் இல்லாமலே தன் வழக்கை நடத்தலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம்; நீதிமன்ற ஊழியர் அதை எழுதிக்கொள்வார். 2004ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம், மக்கள் இருக்கும் இடத்துக்கே சென்று விசாரிக்கும் நடமாடும் நீதிமன்றங்களை அமைக்கச் சொன்னது. அமேசான் ஆற்றங்கரை ஊர்களுக்கு நீதிபதிகள் படகில் போகிறார்கள். அங்கும் பின்னடைவு வந்தது. 2017ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், வழக்கில் தோற்ற ஏழைத் தொழிலாளியும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணத்தைச் சுமக்க நேரும்படி செய்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. படகில் நீதிபதி அமேசானுக்குப் போக முடியுமென்றால், மாதம் ஒருமுறை வால்பாறைக்கு ஜீப்பில் ஏற முடியாதா?

*

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் பார்க்க வேண்டும். வாயிலை அகலத் திறந்தால் பொய் வழக்குகள் பெருகும் என்று முதலாளிகள் சொல்வார்கள். பொய் வழக்கைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு எப்போதும் உண்டு. பொய்யர் சிலரைத் தடுப்பதற்காக மெய்யர் எல்லோரையும் வெளியே நிறுத்தும் கதவை யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள்.

தொழிற்சங்க நண்பர்கள் சிலர் சொல்லும் வாதம் இதைவிடக் கனமானது. தொழிலாளி தனித்தனியாக நீதிமன்றத்துக்குப் போகப் பழகிவிட்டால் சங்கம் எதற்கு என்ற எண்ணம் வந்துவிடும். வீதியில் வெல்ல வேண்டியதை வாய்தாவில் தொலைத்துவிடுவோம் என்கிறார்கள். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் சங்கமே அமைக்க முடியாத இடங்களை நினைத்துப் பாருங்கள். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள், ஒப்பந்தக்காரரின்கீழ் இருக்கும் துப்புரவுத் தொழிலாளர், நான்கு பேர் வேலை செய்யும் அச்சகம். இவர்களுக்குத் தனிமனு ஒன்றே வழி. பல சமயங்களில் அந்தத் தனிமனுவுக்குத் துணை நின்று நாலு பேர் வருவதிலிருந்துதான் சங்கமும் பிறக்கிறது.

சட்டத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கும் வசதிகளும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களை 12ஆம் பிரிவில் பட்டியலிடுகிறது. பெண்கள் அனைவரும் அதில் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளியும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார். எத்தனை ஆலை வாயில்களில் இதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

யார் தொழிலாளி என்ற கேள்வியும் இருக்கிறது. கோவா அரசுக்கு எதிராக சுந்தராம்பாள் என்ற ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார் என்று 1988ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உடலுழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல என்பது காரணம். மரியாதை மிகுந்த காரணம்தான். ஆனால் அந்த மரியாதையால் அவருக்கு ஒரு கதவு மூடியது. இன்று தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் விரிவுரையாளரையும், கைப்பேசிச் செயலியின் கட்டளைப்படி உணவு கொண்டுபோகும் இளைஞரையும், வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் ஒரே கேள்வி எதிர்கொள்கிறது: உங்களை நாங்கள் என்ன பெயரிட்டு அழைப்பது? பெயர் கிடைக்காதவருக்கு மணி எட்டாது.

*

2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 1926, 1946, 1947 ஆகிய ஆண்டுகளின் மூன்று பழைய சட்டங்களின் இடத்தில் அது வந்திருக்கிறது. அதைப் பற்றிய பெரிய விவாதங்கள் வேறு இடங்களில் நடக்கின்றன. வாயிலைப் பற்றி மட்டும் பார்ப்போம். அரசு ஆணையிட்டால்தான் வழக்கு என்ற பழைய 10ஆம் பிரிவு முறை போய்விட்டது. சமரசம் முறிந்தால் சம்பந்தப்பட்டவர் யாரும் 90 நாளுக்குள் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1988இல் தமிழ்நாடு பணிநீக்க வழக்குகளுக்குச் செய்தது, இப்போது எல்லாத் தகராறுகளுக்கும் பொதுவாகியிருக்கிறது. இதை மனமார வரவேற்க வேண்டும்.

அதே சட்டம் வேறு சில இடங்களில் மணியை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பணிநீக்க வழக்குக்கு மூன்றாண்டு அவகாசம் தந்தது. இப்போது அது இரண்டாண்டு. தொழிலாளர் நீதிமன்றம் என்ற தனி அமைப்பு இந்தச் சட்டத்தில் இல்லை. தொழில் தீர்ப்பாயங்கள் மட்டுமே. பணிநீக்க வழக்கை நீதித்துறை உறுப்பினரும் நிர்வாக உறுப்பினரும் சேர்ந்து அமரும் இருவர் ஆயம் விசாரிக்க வேண்டும். நிர்வாக உறுப்பினர் மத்திய அரசின் இணைச் செயலர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ஒரு நாற்காலியை நிரப்பவே காலம் எடுத்துக்கொண்ட அரசுகள் இரண்டு நாற்காலிகளையும் எல்லா ஊர்களிலும் நிரப்பி வைக்குமா? அவ்வளவு உயர்ந்த நிலை அதிகாரிகளை எத்தனை ஊர்களுக்கு அனுப்ப முடியும்? தீர்ப்பாயங்கள் பெருநகரங்களில் மட்டும் குவிந்தால் வால்பாறைப் பெண்ணுக்கு வளைவுகள் நாற்பதோடு நிற்காது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மிக எளிமையானவை. தீர்ப்பாயம் மாதம் சில நாட்களாவது வட்டத் தலைநகர்களில் முகாம் அமர்வு நடத்த வேண்டும். வாய்மொழிப் புகாரை எழுதிக்கொள்ள அங்கே ஓர் ஊழியர் இருக்க வேண்டும். தொழிலாளி அறிந்த மொழியில் இல்லாத ஒப்புதலுக்கு மதிப்பு இருக்கக் கூடாது. பணிநீக்க வழக்கு ஓராண்டைத் தாண்டினால், தாமதத்துக்குத் தொழிலாளி காரணம் இல்லாதபோது, பிழைப்பூதியம் போன்ற ஓர் உதவி இடைக்காலத்தில் கிடைக்க வேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டு முதலாளிகளைத் திவாலாக்கிவிடவில்லை; இதுவும் ஆக்காது. மாநில அரசு வகுக்கும் விதிகளாலும் திருத்தங்களாலும் இவற்றைச் செய்ய முடியும். 1988இல் செய்து காட்டிய மாநிலம் இது.

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ரகுநாதனின் பஞ்சும் பசியும் நாவலில் தொடங்கி டி. செல்வராஜின் தோல்வரை, தமிழ் நாவல் உழைப்பாளியின் துயரத்தையும் போராட்டத்தையும் எழுதியிருக்கிறது. ஊர்வலத்தை எழுதினோம், தடியடியை எழுதினோம். தொழிலாளர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் மதியச் சோற்றுப் பொட்டலத்தோடு பத்தாண்டு காத்திருந்தவரை அதிகம் எழுதவில்லை. அந்தக் காத்திருப்பில் கூச்சல் இல்லை, கொடி இல்லை. ஆகவே அது கதையாகவும் படவில்லை, செய்தியாகவும் படவில்லை. எழுதப்படாத துயரத்துக்காகச் சட்டமன்றத்தில் யாரும் கேள்வி எழுப்புவதில்லை. நம் ஊரில் சமரச அலுவலர் எங்கே இருக்கிறார், முறிவறிக்கை வாங்க எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது, தீர்ப்பாயம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் விசாரித்து எழுதினாலே போதும், பேச்சு தொடங்கிவிடும்.